அமீர் பாஷாவின் ஒரே இங்கிலீஷ்

முக்தார் அகமதுவின் மோட்டார் ஹாரன் அடித்துக்கொண்டு மசூதித் தெரு முனையில் திரும்பி மறைந்த பிறகு, அமீர் பாஷா வாயிலிருந்த பீடியை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, "ஆரன் டல்லு" என்பார். தினமும் காலை எட்டேகாலுக்கு இது நடக்கிறது. மோட்டார் ஆம்பூருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்றுவரை அந்த ஆரன் தேறியபாடில்லை.

மோட்டார் கண்ணுக்குத் தெரிகிறபோது ஒன்றும் சொல்லமாட்டார். அது தாண்டிப் போகும்வரை எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும் சோடா விளம்பரத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான நெட்டை ஆள். கட்டம்போட்ட கைலி, கையில்லாத பனியன், தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டு வியர்வை துடைக்க அல்ல, தொழிலுக்கு. வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களுக்குச் சம்பந்தமில்லாமல் அகன்று, தட்டையாகி, ஆவாரம்பட்டைச் சாயத்தில் ஊறிப்போய்க் கிடக்கும். சோப்பு போட்டாலும் போகாது. அந்த விரலை நம்பித்தான் இந்த ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் பாதியின் சரக்கு விலை போகிறது.

பதனிட்ட ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. கிடங்கில் வடக்குப் பார்த்த ஜன்னலடியில் பலகையைப் போட்டு உட்காருவார். ஒரு தோலை இழுப்பார். வயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் ஒரு தேய். கழுத்துப் பக்கம் ஒரு மடிப்பு. மூக்கருகே ஒரு தூக்கு. முடிந்தது. முதல் தரமா, மூன்றாம் தரமா, தள்ளுபடியா என்பது மட்டுமல்ல. சுண்ணாம்புக் குழியில் ஒரு நாள் கூடுதலாக ஊறியதா, ஆடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்ததா, எல்லாம் சொல்லிவிடுவார். "தோலு பேசும் வாத்தியாரே. நாம வாய மூடிட்டு இருந்தா போதும், அதுவே சொல்லிடும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பற்றி இவர் எனக்கு உபதேசம் செய்ததுதான் வேடிக்கை.

ஏனென்றால் அந்த வாய் மூடுவதில்லை. திறந்தால் வருவது பெரும்பாலும் ஒரே சொல். டல்.

இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவருக்குப் பத்தொன்பது இருபது வயதாயிருக்கும்போது, சென்னையிலிருந்து தோல் வாங்க வந்த துரை ஒருவர் ஒரு கட்டிலிருந்து ஒரு தோலை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, 'டல்' என்று சொல்லிக் கீழே போட்டாராம். அவ்வளவுதான். சரக்குக்குச் சொந்தக்காரர் முகத்தில் ரத்தமே இல்லையாம். "ரெண்டு மாசம் பாடுபட்டு வேலை செஞ்ச சரக்கு. ஒரு வார்த்தைல பாதி வெல ஆயிடுச்சி. அடிக்கல, திட்டல. சும்மா அந்த ஒரு வார்த்தைய போட்டாரு. அப்பவே நெனச்சேன், இன்னாமா வார்த்தை இது, நம்ம கிட்ட இருந்தா நல்லா இருக்குமேன்னு." அன்று எடுத்து வைத்துக்கொண்டவர்தான். இன்னும் கீழே வைக்கவில்லை.

நான் உயர்தரப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். பி.ஏ. இரண்டு முறை எழுதித் தேறாதவன். அதை மறைப்பதற்கில்லை, ஊருக்கே தெரியும். என் மேசையில் தடிமனான இங்கிலீஷ் அகராதி ஒன்று இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு அது எட்டுப் பொருள் தருகிறது. கூர்மையற்றது, மங்கியது, மந்தமானது, சுவாரஸ்யமற்றது என்று போகிறது. எட்டையும் அகராதியின் முகம் பாராமலே அமீர் பாஷா சரியாகப் பயன்படுத்துகிறார். தோல் சீவும் கத்தி டல். கார்த்திகை மாத வெயில் டல். சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியில் வியாபாரம் டல். தன் மகனைப் பற்றி என்னிடம், "பையன் கணக்குல டல்லா கீறானா" என்று கேட்டார். நானும் ஆமாம் என்றேன். காலையில் எழுந்தால் தலை டல்லாக வலிக்கிறது. பாலாற்றில் இந்த வருஷம் தண்ணீர் டல். கல்யாண வீட்டில் ஜால்ரா போடும் ஆசாமிகளைக் காட்டி, "ஆளு டல்லு, கிட்ட சேக்காத" என்பார். சொந்தக்காரர் ஒருவர் படுக்கையாய் இருந்தபோது, "நேத்துலேருந்து மாமு ரொம்ப டல்" என்றார். மறுநாள் காலையில் மாமுவை அடக்கம் செய்தார்கள்.

எனக்கு இதில் எரிச்சல் உண்டு. சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷம் தொண்டை கிழியப் பாடம் நடத்தியும் ஒரு பையன் வாயில் ஒரு வாக்கியம் நிற்பதில்லை. என் அகராதியில் நாற்பதாயிரம் சொல். இந்த மனிதர் வாயில் ஒன்று. தெருவில் நான் போனால் கும்பிடுவார்கள். அவர் போனால் நின்று பேசுவார்கள். நான் சொல்லித் தராத இங்கிலீஷை இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பேசுகிறார்கள், அது இது ஒன்றுதான்.

ஆனால் அகராதிக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்பதாவது பொருள் ஒன்று பாஷாவிடம் இருக்கிறது. முக்தார் அகமதுவுடையது எதுவோ அது டல். அவர் வீட்டுப் பாட்டுப்பெட்டி டல். வாசலில் தொங்கும் காஸ் லைட் டல். அதன் வெளிச்சத்தில் பாஷா வீட்டில் ஊசியில் நூல் கோத்தாலும் டல்தான். முக்தார் பெண்ணின் கல்யாணத்தில் பாஷா பிரியாணியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார்: "உப்பு டல்லு."

முக்தார் வேற்று மனிதர் அல்ல, சகலை. பாஷாவின் மனைவி சுகரா பேகமும் முக்தாரின் மனைவி வஹீதாவும் அக்கா தங்கை. இருவரும் ஒரே வருஷம், பிற்பாடு தங்கள் மாமனாரான மனிதரின் தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தொட்டுப் பார்த்து வெள்ளாட்டுத்தோல் எது, செம்மறித்தோல் எது என்று சொல்ல முக்தாருக்கு இன்றைக்கும் வராது. வராது என்பதை அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார். மாமனார் சாகும்போது ஷாப்பை அந்தச் சின்ன மருமகனுக்குத்தான் எழுதி வைத்தார். பெரிய மருமகனைக் கூப்பிட்டு அவர் சொன்ன காரணம் ஊரறிந்தது: "உன் கை தங்கக் கை அமீரு. வாய்தான் சரியில்ல. வாங்க வர்ற துரைகிட்டயே நம்ம சரக்க டல்லுன்னுடுவ."

இது பதினைந்து வருஷத்துக்கு முந்தின கதை. ஒரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டதற்கு பாஷா ஒரு ஷாப்பை விலையாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகாவது விட்டாரா என்றால், இல்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தோல மோந்து பாக்கத் தெரியாதவன் மொதலாளி. எனக்கு பலகை" என்று அவர் ஒரு நாள் என்னிடம் மனம் விட்டுச் சொன்னபோது, குரலில் கிண்டலே இல்லை. அன்று ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். டீ டல்லாகத்தான் இருந்தது.

சுகரா பேகம் கெட்டிக்காரப் பெண்மணி. புருஷன் வாயை வைத்தே காரியம் பார்ப்பவள். ஜவுளிக்காரன் மூட்டையோடு வந்தால் இரண்டு சேலையை எடுத்துப் புருஷன் முன்னால் விரிப்பாள். "அவரு ஒரு தடவ டல்லுன்னா சுமாரு. ரெண்டு தடவ சொன்னாருன்னா அத எடுத்துடுவேன்" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சேலைகள் நன்றாகவே இருக்கின்றன என்று என் மனைவி எனக்கு அடிக்கடி நினைவூட்டுகிறாள்.

இத்தனை வாய் இருந்தும் ஊர் அவரிடம் சரக்கைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறதே, எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். அதற்குத்தான் துண்டு. பத்துப் பேர் நடுவில் விலையை வாயால் சொல்வது தோல் வியாபாரத்தில் வழக்கமில்லை. வாங்குகிறவரும் தரம் பார்த்தவரும் எதிரெதிரே உட்கார்ந்து கை கொடுத்துக்கொள்வார்கள். மேலே துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார், எந்தக் கணுவில் அழுத்துகிறார் என்பதில் தரமும் விலையும் இருக்கிறது. வெளியே இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அமீர் பாஷா மழையைப் பற்றிப் பேசமாட்டார். "டல்லு, ரொம்ப டல்லு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். துண்டுக்கடியில் விலை ஏறிக்கொண்டே போகும். அவர் வாயைக் கேட்டு வாங்கினவனும் இல்லை, விரலைக் கேட்டுக் கெட்டவனும் இல்லை என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. முக்தாரின் சரக்குக்கு மட்டும் டல் மூன்று நான்கு தடவை கூடுதலாக விழும். ஆனால் பதினைந்து வருஷத்தில் அந்தச் சரக்குக்கும் விரல் பொய் சொன்னதில்லை. முன்பு வந்துகொண்டிருந்த துரைக்கு இது பழகிப்போய்விட்டது. அவரும் இருபது வருஷம் சிரித்துக்கொண்டே துண்டுக்கடியில் கையை நீட்டினவர். வயதாகிச் சீமைக்குப் போய்விட்டார்.

போன சித்திரையில் புது துரை வந்தார்.

அது கெட்ட காலம். லண்டனில் தோல் விலை விழுந்து வருஷமாகியிருந்தது. ஒவ்வொரு ஷாப்பும் தன் சரக்கில் ஒரு மார்க்கா குத்தி அனுப்பும். லண்டனில் ஆளைத் தெரியாது, மார்க்காவைத்தான் தெரியும். அந்த வருஷம் நம் ஊரிலேயே மூன்று மார்க்காக்களை, தோல் வாங்கும் துரைமார் கம்பெனி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூன்று ஷாப்பும் பூட்டிக் கிடக்கின்றன. முக்தாரின் மார்க்கா, வட்டத்துக்குள் எம்.ஏ. நான் எட்டாத பட்டத்தை இவர் ஆட்டுத்தோலில் குத்திக் கப்பலேற்றுகிறாரே என்று எனக்கு அதன்மேல் தனியாக ஒரு கண் உண்டு. அந்த முறை முக்தார் தன்னிடம் பன்னிரண்டு கட்டு முதல் தரச் சரக்கு இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார். அது முதல் தரம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டால் மார்க்கா பிழைக்கும். தள்ளுபடியானால் நாலாவது பூட்டு இதற்குத்தான்; அறுபது ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தரம் பார்க்க இரு தரப்பும் சம்மதித்த ஆள் அமீர் பாஷா. துரையோடு வரவேண்டிய துபாஷுக்குக் காய்ச்சல் என்று, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, சலவைக் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன். ஒரு வெள்ளைக்காரர் காதில் என் இங்கிலீஷைப் போடும் வாய்ப்பு எனக்கு அதுவரை வந்ததில்லை.

புது துரைக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. மூக்கில் கைக்குட்டை. நான் ராத்திரியே தயார் செய்து வைத்திருந்த வரவேற்பு வாக்கியத்தைச் சொன்னேன். "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி "என்ன?" என்றார். மூன்றாவது தடவை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் நான் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. சுற்றிலும் முப்பது ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

அமீர் பாஷா ஜன்னலடியில் பலகை போட்டு இரண்டு மணி நேரம் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தோலைத் தேய்ப்பார், மடிப்பார், மோப்பார். நான்காவது கட்டில் ஒரு தோலை வழக்கத்தைவிட நேரமாகக் கையில் வைத்திருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிறாற்போல், "இந்தத் தடவ இன்னா பண்ணான்னு தெரியல, இந்த பேமானி" என்று முனகினார். அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

முடித்துவிட்டு வந்து துரைக்கு எதிரே உட்கார்ந்தார். தோளிலிருந்து துண்டை எடுத்து உதறிக் கையை நீட்டினார். துரை அந்தக் கையைப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்த்தார். தன் கையை நாற்காலியின் கைப்பிடிமேலேயே வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எதற்கு? வாயால் சொல்லச் சொல்" என்றார்.

"வாயால சொல்லுங்கன்றார் பாய்" என்றேன்.

"வாயாலயா" என்றார் பாஷா. நீட்டிய கை அப்படியே நின்றது. அவருக்குப் புரியவில்லை. வாங்க வந்தவர் யாருக்கும் அவர் அந்த வாயால் தரம் சொன்னதில்லை. துரை காத்திருந்தார். முப்பது பேரும் காத்திருந்தார்கள். முக்தார் இஸ்திரி போட்ட கறுப்பு ஷெர்வானியில் கம்பமாக நின்றிருந்தார். பாஷா அவரை ஒரு பார்வை பார்த்தார். வாய் தன் பழக்கத்துக்குத் திறந்தது.

"டல்லு."

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று காலையிலிருந்து அந்தக் கிடங்கில் பேசப்பட்ட சொற்களில், யாரும் மொழிபெயர்க்காமல் அவருக்கு விளங்கிய சொல் அது ஒன்றுதான். "டல்?" என்று திருப்பிக் கேட்டார்.

"டல்லு. ரொம்ப டல்லு."

துரை நன்றி சொல்லித் தலையசைத்தார். கூட வந்த, சீட்டு எழுதும் அளவுக்கு மட்டும் இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தாவுக்குக் கையைக் காட்டினார். குமாஸ்தா சாக்கட்டியை எடுத்துக்கொண்டு முதல் கட்டின் மேல்தோலில், வட்டத்துக்குள் இருந்த எம்.ஏ.யின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டார். தள்ளுபடி என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் வாய் கணக்கில்லை, விரல்தான் கணக்கு என்று ஒரு வாக்கியம். என் இங்கிலீஷுக்கும் அது முடியும். நான் சொல்லவில்லை. மூன்று தடவை சொல்லியும் என் வாக்கியம் விளங்காத காதில் இவர் சொல் முதல் தடவையே ஏறிவிட்டதே என்கிற ஆத்திரத்தில் சாக்கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். குமாஸ்தா இரண்டாவது கட்டுக்கும் குறி போட்டார். அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. சொன்னேன். துரை, "நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார்" என்று முடித்துவிட்டார். சாக்கட்டி மூன்றாவது கட்டுக்குப் போயிற்று.

அமீர் பாஷா எழுந்து வாசற்படிக்குப் போய் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது. அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது. பதினைந்து வருஷம் வயிற்றுக்குள் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, கை நனையாமல் கிடைத்துவிட்டது. புதிதாக அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. தினம் சொல்வதைத்தான் சொன்னார். நாளை யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. முக்தார் அவரிடம் ஓடிவந்து கெஞ்சவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே "பாய்" என்று ஒரு தடவை கூப்பிட்டார். பாஷா வெளியே தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்துக்கொண்டு புகை விட்டார்.

நாலாவது கட்டும் ஆயிற்று. குமாஸ்தா சீட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு வாசற்படிக்கு வந்தார். "தரம் பாத்தது யாருன்னு ஒவ்வொரு கட்டுச் சீட்டுலயும் போடணும். அமீர் பாஷாதானே உங்க பேரு?"

"ஆமா. இன்னா எழுதுவ?"

"உங்க பேரு. கீழ தள்ளுபடின்னு."

"அந்த நாலாவது கட்டுக்குமா?"

"பன்னண்டுக்கும்தான்."

பாஷா பீடியைக் கீழே போட்டு மிதித்தார். எழுந்து உள்ளே வந்தவர் நேரே துரையிடம் போய், நாற்காலிக் கைப்பிடியில் இருந்த அந்த வெள்ளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டார். துரையைத் தொட்ட கை, போலீஸ் ஸ்டேஷன் வரை போகக்கூடிய காலம் இது. துரை முகம் கழுத்துவரை சிவந்தது. கையை உருவப் பார்த்தார், முடியவில்லை. பாஷா விரல் விரலாகப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் அந்த வாய் திறக்கவில்லை.

ஆனால் அந்த அழுத்தலுக்கு அர்த்தம் துரைக்குத் தெரியாது. அது பாஷாவுக்கும் உறைத்தது. என்னைப் பார்த்தார். சட்டென்று துண்டை உருவித் தரையில் போட்டார். ஊர் முழுக்கப் பார்க்க, திறந்த வெளிச்சத்தில், துரையின் விரல்களைப் பிடித்துக் காட்டினார். தோல் வியாபாரத்தில் இதைச் செய்தவர் கிடையாது. "இப்ப கண்ணுக்குத் தெரியுதில்ல. பாத்துச் சொல்லு வாத்தியாரே."

பார்த்தேன். சொன்னேன். விரல் கணக்கு இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் தரம், பன்னிரண்டு கட்டும், அந்த வருஷம் ஆம்பூரில் எந்தச் சரக்குக்கும் பிடிக்கப்படாத விலை. துரை தன் கையை விடுவித்துக்கொண்டு கைக்குட்டையால் துடைத்தார். எழுந்து போய் நாலாவது கட்டிலிருந்து ஒரு தோலை உருவி ஜன்னலடியில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனபோது கைக்குட்டை அவர் கையில் இல்லை. சின்ன வயசுதான், ஆனால் தோல் தெரிந்தவர் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்து என்னைக் கேட்டார்: "பின்னே ஏன் அப்படிச் சொன்னார்?"

நான் பாஷாவிடம் கேட்டேன். "டல்லுன்னு ஏன் சொன்னீங்கன்னு கேக்கறார் பாய்."

ஊர் வழக்கம், வாய்ப் பழக்கம் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நானே அப்படி ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொண்டு நின்றேன். பாஷா முக்தார் பக்கம் பார்க்காமல், தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வயித்தெரிச்சல்னு சொல்லு. பதினஞ்சு வருசமா எரியுது. தோலு மேல தப்பில்ல. அவன் மேலயும் தப்பில்ல. எரியறது என் வயிறு. அப்பிடியே சொல்லு வாத்தியாரே, மாத்தாத."

மாற்றவில்லை. அப்படியே சொன்னேன். சொல்லும்போது என் காதும் சுட்டது. அந்த முதல் இரண்டு பெருக்கல் குறியில் எனக்கும் பங்கு உண்டு. அன்று நான் பேசிய இங்கிலீஷில் துரை மறுபடி கேட்காத வாக்கியம் அது ஒன்றுதான். அவர் பாஷாவைப் பார்த்தார், முக்தாரைப் பார்த்தார், குமாஸ்தாவிடம் குறிகளை அழிக்கச் சொல்லிவிட்டு வெளியே காற்று வாங்கப் போனார்.

குமாஸ்தா ஈரத்துணியைக் கொண்டுவந்தார். பாஷா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முதல் கட்டருகே தரையில் உட்கார்ந்தார். மேல்தோலை எடுத்து மடியில் போட்டுத் தேய்த்தார். தோல் வழுக்கிக்கொண்டு ஓடியது; சாக்கட்டிக் கோடு எம்.ஏ.யின் மேல் இன்னும் பரவியது. மறுபடி இழுத்து வைத்துத் தேய்த்தார். மறுபடி வழுக்கியது. முக்தார் அகமது வந்தார். ஷெர்வானியோடு அந்தச் சுண்ணாம்புத் தரையில் எதிரே உட்கார்ந்து, தோலின் மறு ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாஷா நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி என்று இடது கையால் ஜாடை காட்டினார்.